தவசிக்கீரையைக் கடைந்து சாப்பிடுங்கள், சாறாகக் குடிக்க வேண்டாம்

வாசகர் கேள்வி:

"பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மோட்டார் ரூமை ஒட்டி மல்டிவைட்டமின் கீரைச் செடி வேலி மாதிரி வளர்ந்து நிற்கிறது. திருப்பூரில் இருக்கும் எங்க நங்கையா (வீட்டுக்காரரின் அக்கா), இந்த இலையைப் பச்சையாக மிக்ஸியில் அடித்து, எலுமிச்சையும் தேனும் விட்டு வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்தால் உடம்பு குறையும் என்று சொன்னார். அவர் இரண்டு மாதத்துக்கு மேலாகக் குடிக்கிறார், எடை குறைந்திருக்கிறது. வறட்டு இருமல் மட்டும் விடவில்லை. பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசு என்கிறார். 'தவசி முருங்கை சளிக்கும் நல்லதுதானே' என்று அதற்கும் சேர்த்துத்தான் குடிக்கிறாராம். நானும் மூன்று வாரமாகக் குடிக்கிறேன். பசி நன்றாக அடங்கியிருக்கிறது, ராத்திரித் தூக்கம்தான் சரியாக வருவதில்லை. தொடரலாமா? மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு 40 நாள். பால் ஊற இந்தக் கீரை கொடுக்கலாமா? பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் பொடி செய்து அனுப்பலாமா? செடியில் வெள்ளைக் காய் பிடிக்கிறது, நாலு வயதுப் பேரன் பறித்துத் தின்கிறான். பயமில்லையே?"
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பொள்ளாச்சி வட்டம்

உணவியல் ஆலோசகரின் பதில்:

வணக்கம்ங்க.

நாளைக் காலையில் அந்தச் சாறு வேண்டாம். உங்கள் நங்கையாவுக்கும் இன்றைக்கே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டு மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

கீரை நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நல்ல கீரைதான். புரதம், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி எல்லாம் இதில் நிறைய. அதனால்தான் இந்தத் தவசிக்கீரைக்கு நாற்றுப் பண்ணைக்காரர்கள் மல்டிவைட்டமின் கீரை என்று பெயர் வைத்து விற்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் பாலக்காட்டுப் பக்கம் இதை மதுரச்சீரை என்பார்கள். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று அந்தப் பக்கம் முழுக்க இது அன்றாடச் சமையல் கீரை. ஆனால் அங்கெல்லாம் குழம்பிலோ சூப்பிலோ வேக வைத்தும், எண்ணெயில் வதக்கியும்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். பச்சையாக அரைத்து, தினமும், ஒரு டம்ளர் என்பது அந்த வழக்கத்தில் இல்லாத ஒன்று.

அந்த வழக்கத்தை மாற்றியபோது என்ன நடந்தது என்பது தைவானில் தெரிந்தது. 1994, 95-இல் அங்கே இந்த இலை உடம்பைக் குறைக்கும் என்ற பேச்சு பரவியது. கொய்யா, அன்னாசிச் சாறோடு பச்சை இலையை அடித்துக் குடித்தார்கள். குடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இளவயதும் நடுவயதும். சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து இருமலும் மூச்சு வாங்கலுமாக மருத்துவமனைக்கு ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. இதெல்லாம் மருத்துவ இதழ்களில் விரிவாகப் பதிவான விஷயம்.

அந்த நோய்க்குப் பெயர் பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிடரன்ஸ். நம் மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சன்னமான குழாய்களாக முடிகிறது. அந்தச் சின்னக் குழாய்களின் உட்சுவர் வீங்கி, பிறகு தழும்பு விழுந்து சுருங்கிவிடுகிறது. காற்று உள்ளே போகும், முழுசாக வெளியே வராது. ஆஸ்துமாவில் குழாய் சுருங்கினால் இன்ஹேலர் அடித்ததும் விரியும். இதில் விழுந்தது தழும்பு என்பதால் இன்ஹேலருக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. சாற்றை நிறுத்திய பிறகும் தைவானில் பலருக்கு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இலையில் பப்பாவரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அதன்மேல் சந்தேகம் எழுந்தது. இதுதான் காரணம் என்று இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இந்த இலைதான். பெரும்பாலோர் பச்சைச் சாறாகக் குடித்தவர்கள். சமைத்தே அளவுக்கு மீறிச் சாப்பிட்ட சிலரும் அதில் இருந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி, 'பசி நன்றாக அடங்கியிருக்கிறது, தூக்கம்தான் சரியாக வருவதில்லை' என்பது. தைவான் நோயாளிகள் இருமலோடு சேர்த்துச் சொன்ன தொந்தரவுகளில் பசியின்மையும் தூக்கமின்மையும் இருந்தன. பசி அடங்குவதைச் சாற்றின் பலன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ராத்திரி அழும், தூக்கம் கெடும், அதுவும் காரணமாக இருக்கலாம்தான். அதைக் குழப்பிக்கொண்டு உட்கார வேண்டாம், சாற்றை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நீங்கள் குடித்தது மூன்று வாரம். தைவானில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இதைவிட அதிக காலம் குடித்தவர்கள். ஆகவே பதறத் தேவையில்லை. ஆனாலும் ஒரு முறை நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்த்து, ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாய் கொடுப்பார்கள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக, காற்று தீரும்வரை ஊத வேண்டும். ஆறு நொடிக்கு மேல் ஊதச் சொல்வார்கள், பக்கத்தில் நிற்பவர் 'இன்னும், இன்னும்' என்று சத்தம் போடுவார். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் அதில் பார்க்க வேண்டிய முக்கியமான எண். எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு 'கிளியர்' என்று நின்றுவிடாதீர்கள். இந்த நோயில் எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம். தேவைப்பட்டால் மூச்சை வெளியே விட்ட நிலையில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். மருத்துவரிடம் சும்மா 'கீரைச் சாறு குடித்தேன்' என்று சொன்னால் போதாது. செடியின் கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள், தாவரப் பெயரையும் எழுதிக் கொடுங்கள்: சாரோபஸ் ஆண்ட்ரோகைனஸ்.

உங்கள் நங்கையா விஷயம் இதைவிட அவசரம். இரண்டு மாதத்துக்கு மேல் குடித்திருக்கிறார், இருமலும் இருக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை செய்பவருக்கு இருமல் வந்தால் எல்லோரும் பஞ்சுத் தூசு என்றுதான் நினைப்பார்கள். மருத்துவரும் அப்படி நினைத்து மருந்து எழுத வாய்ப்பு உண்டு. அதனால்தான் சாறு குடித்த விஷயத்தை அவர் வாயால் சொல்ல வேண்டும். ஒன்று கேட்டுப் பாருங்கள்: மாடிப்படி ஏறும்போது முன்னைவிட மூச்சு வாங்குகிறதா? குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசினால் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கிறதா? ஆமாம் என்றால் இந்த வாரமே போகட்டும். இல்லை என்றாலும் ஸ்பைரோமெட்ரி ஒரு முறை அவசியம். திருப்பூரில் முடியாவிட்டால் கோவை பக்கம்தானே.

அப்புறம் அந்தச் சளி மருந்துப் பேச்சு. சளி, இருமலுக்கு நம் பக்கம் சாறு எடுத்துக் கொடுக்கும் தவசி முருங்கை வேறு செடி. அது ஆடாதோடை குடும்பம், குட்டையான செடி. உங்கள் தோப்பில் நிற்பது நெல்லி, கீழாநெல்லி குடும்பம். இரண்டையும் ஒரே பெயரில் சொல்பவர்கள் இருப்பதால் ஒன்றின் வைத்தியம் இன்னொன்றின்மேல் ஏறிவிடுகிறது. கிளையைத் திருப்பிப் பார்த்தால் சந்தேகம் தீரும். பச்சைத் தண்டின் இரு பக்கமும் இலை வரிசையாக இருக்கும், பல இலைகளில் நடு நரம்பை ஒட்டி வெளுத்த திட்டு தெரியும். பூ இலைக்கு மேலே இருக்காது. இலைக் கணுவில் இருந்து கீழ்ப்பக்கமாக, சிவந்த தட்டையான சின்னப் பூ தொங்கும். காய் ஆனதும் அந்தச் சிவப்புப் புல்லிவட்டத்துக்குக் கீழே வெள்ளையாக உருண்டு நிற்கும். உங்கள் பேரன் பறிப்பது அதைத்தான். இப்படி இருந்தால் அது தவசிக்கீரை, இருமலுக்கு அது மருந்தே அல்ல.

சரி, செடியை வெட்டி எறிய வேண்டுமா? வேண்டவே வேண்டாம். தென்னை நிழலில், போர் தண்ணீரில், உரம் மருந்து இல்லாமல் வருஷம் முழுக்கத் துளிர்க்கிற ஒரு கீரையை யாராவது விடுவார்களா? சமைத்து, அளவாகச் சாப்பிடுங்கள். என் கணக்கு, வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. நாலு பேர் சாப்பிடும் கடைசலுக்கு உருவிய இலை இரண்டு கைப்பிடி. மற்ற நாட்களில் சுக்குட்டிக் கீரை, பண்ணைக்கீரை, அரைக்கீரை, முருங்கை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே கீரையை நாள் தவறாமல் சாப்பிடுவது எந்தக் கீரைக்கும் நான் சொல்லாத யோசனை.

இலையைக் கிளையோடு பிடித்து நுனியிலிருந்து உருவினால் சுலபமாக வந்துவிடும். நுனிக் கொழுந்து நாலு விரல் நீளம் வரை தண்டோடு போடலாம், அதற்குக் கீழே நார். இந்த இலை அரைக்கீரை மாதிரி சீக்கிரம் குழையாது. முழுசாகப் போட்டால் வெந்த பிறகும் இலை இலையாகவே நிற்கும், மத்தில் மாட்டாது. அதனால் பொடியாக நறுக்கிவிடுங்கள். பாசிப்பருப்பை முக்கால் வேக்காடு வேகவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சை மிளகாய், ஒரு தக்காளியோடு கீரையைப் போட்டு, மூடாமல் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் நன்றாக வேக விடுங்கள். மண் சட்டியில் கடைந்து, கடலை எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் களிக்கும் சோறுக்கும் அருமையாகச் சேரும். பச்சைக் கடலைக்காயை மென்றால் வரும் ஒரு மெல்லிய இனிப்பு இதில் உண்டு, புளி சேர்த்தால் அது போய்விடும். மலேசியாவில் செய்வதுபோல வெங்காயத்தோடு வதக்கி, கடைசியில் முட்டை உடைத்துக் கிளறினால் பிள்ளைகள் மிச்சம் வைக்க மாட்டார்கள். அரிசிம்பருப்புச் சாதத்தில் ஒரு கைப்பிடி போடுவதும் நன்றாக இருக்கும்.

மகளுக்கு வருவோம். இந்தோனேசியாவில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இந்தக் கீரையைத்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள், அங்கே அது பழைய வழக்கம். ஆகவே நீங்கள் கேட்டதில் தவறில்லை. மேலே சொன்ன அளவில், வேக வைத்து, வாரம் ஒரு முறை கொடுங்கள். சாறு, பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். ஆனால் பால் ஊறுவதற்கு எந்தக் கீரையையும்விட முக்கியமானது குழந்தை அடிக்கடி வாய் வைத்துச் சப்புவது. எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு சுரக்கும். ராத்திரிப் பாலை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பினால் பலன் இருக்காது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தம். மருத்துவமனையில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை, கீரை சாப்பிடுகிறாளே என்று நிறுத்தாதீர்கள். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். சாப்பாட்டில் எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அதுவும் குறையும்.

மகனுக்குப் பொடி வேண்டாம். காய்ந்தால் இலை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு வந்துவிடும். ஒரு ஸ்பூன் பொடி என்று தோன்றுவது உண்மையில் ஒரு கைப்பிடி வேகாத இலை. ஜப்பானில் பொடியாக வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இதே நுரையீரல் நோய் வந்து, 2003-இல் அந்த அரசு இந்தக் கீரையின் பொடி, மாத்திரை விற்பனையைத் தடை செய்தது. நம் ஊரில் ஆன்லைனில் இதே பொடி விற்பனைக்கு வந்தாலும் வாங்காதீர்கள். மகனுக்கு ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கொள்ளுப் பருப்புப் பொடியில் கறிவேப்பிலை தாராளமாக வறுத்துப் போட்டு அனுப்புங்கள்.

எடை குறைப்பதைப் பற்றி இந்த ஒரு கடிதத்தில் முழுசாகப் பேச முடியாது. உங்கள் வயது, உயரம், எடை, சர்க்கரை, தைராய்டு அளவு எழுதி அனுப்புங்கள், தனியாகப் பதில் எழுதுகிறேன். இப்போதைக்கு, வெறும் வயிற்றுச் சாற்றுக்குப் பதிலாகக் காலையில் சுண்டலோ முட்டையோ ஏதாவது ஒரு புரதம் எடுங்கள். தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். தோப்பில் நடப்பதை வேலையோடு சேர்த்துக் கணக்குப் போடாமல், கை வீசி அரை மணி நேரம் தனியாக நடங்கள். சாறு குடித்தவர்களுக்கு எடை குறைந்தது ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டதால் இருக்கலாம், பசி செத்ததால் இருக்கலாம். அந்த எடை திரும்பி வரும், கெட்ட நுரையீரல் திரும்பாது.

கடைசியாகப் பேரன். பழுத்த காயைச் சாப்பிடும் வழக்கம் உண்டு, தென்கிழக்காசிய நாடுகளில் சர்க்கரைப் பாகில் போட்டு இனிப்பும் செய்கிறார்கள். இதுவரை ஒன்றிரண்டு தின்றிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கைநிறையப் பறித்துப் பச்சையாகத் தின்ன விடாதீர்கள். உள்ளே கெட்டியான விதைகள் இருக்கின்றன, நாலு வயதுக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. வேலியில் காய்ப்பதைப் பறித்து வாயில் போடலாம் என்று அவன் பழகிக்கொள்வான். நம் பக்க வேலிகளில் காட்டாமணக்கும் குண்டுமணியும் ஊமத்தையும் நிற்கின்றன. காட்டாமணக்கு விதையைத் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பிள்ளைகள் மருத்துவமனைக்கு வருவது நம் கிராமங்களில் அவ்வப்போது நடப்பதுதான். பெரியவர் கையில் இருந்து வாங்கித்தான் தின்ன வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

செடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி விட்டுக்கொண்டே இருங்கள். அப்போதுதான் இளம் இலை வரும், காயும் அதிகம் பிடிக்காது. வெட்டிய முற்றின குச்சியை ஒரு முழத்துக்கு நறுக்கி நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். அக்கம் பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுக்கும்போது கடைசல் செய்முறையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நங்கையாவின் ஸ்பைரோமெட்ரி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.